கிளம்பும் முன் அம்மாவுடன் ஒரு வாரம்: எதைப் பார்த்து வருவது?

கேள்வி இதுதான். இரண்டு வருட வேலைக்காக அடுத்த மாதம் வெளிநாடு கிளம்புகிறீர்கள். ஊரில் 78 வயது அம்மா தனியாக இருக்கிறார். நடமாட்டத்துக்குக் குறைவில்லை, ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை எடுக்கிறார். புறப்படுவதற்கு முன் ஒரு வாரம் அவருடன் இருக்கப் போகிறீர்கள். அந்த ஒரு வாரத்தில் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் முதியோர் மருத்துவத்தில் நீண்ட காலம் இருந்தவன். என் அப்பா அம்மாவைத் தூரத்தில் இருந்தபடியே கவனித்துக்கொண்டவனும்கூட. மருத்துவராகக் கற்றதைவிட மகனாகத் தவறவிட்டதில் கற்றதுதான் அதிகம். அதனால் பதில் கொஞ்சம் நீளும்.

பெரும்பாலானவர்கள் இந்த வாரத்தை ஒரு வேலைப் பட்டியலாக்கி விடுகிறார்கள். வங்கிக்கு ஒரு நாள், மருத்துவமனைக்கு ஒரு நாள், ஒழுகும் குழாய்க்கு ஒரு நாள், சொந்தக்காரர்கள் வீட்டுக்கு இரண்டு நாள். ஏழாம் நாள் பெட்டி கட்டும்போதுதான் அம்மா முகத்தைச் சரியாகப் பார்க்கவே இல்லையே என்று உறைக்கும். என்னைக் கேட்டால் முதல் வேலை ஒன்றே ஒன்றுதான்: அம்மாவின் சாதாரண நாள் எப்படிப் போகிறது என்று தெரிந்துகொண்டு வருவது. எத்தனை மணிக்கு எழுந்திருக்கிறார், படியேறும்போது எந்த இடத்தில் நிற்கிறார், ராத்திரி எத்தனை முறை எழுந்து போகிறார், எந்தக் கதையைத் திரும்பத் திரும்பச் சொல்கிறார். இதெல்லாம் மனதில் பதிந்திருந்தால்தான் ஆறு மாதம் கழித்து போனில் அவர் குரலைக் கேட்டதும் ‘என்னமோ சரியில்லையே’ என்று உங்களுக்குத் தட்டும். வழக்கம் தெரியாதவருக்கு மாற்றமும் தெரியாது.

ஒரு எச்சரிக்கை. முதல் இரண்டு நாள் நீங்கள் பார்ப்பது அம்மாவின் வழக்கமான நாள் இல்லை. பிள்ளை வருகிறது என்றதுமே வீடு துப்புரவாகிவிடும், அலமாரியில் இருந்து நல்ல துணி வெளியே வரும், உடம்பும் அந்த உற்சாகத்தில் ஒத்துழைக்கும். மூன்றாம் நாள் வாக்கில்தான் வேஷம் கலையும். மத்தியானத் தூக்கம் நீளும், டிவி சத்தம் பழைய அளவுக்கு ஏறும், சின்ன விஷயத்துக்கு எரிச்சல் வரும். அதுதான் நீங்கள் பார்க்க வேண்டிய அம்மா. நான்கு நாளுக்குக் குறைவாகப் போய் வந்தால் ஆசை தீரும், விஷயம் தெரியாது. ஒரு முழு நாளாவது வெளிவேலை எதுவும் வைத்துக்கொள்ளாமல் வீட்டிலேயே சும்மா கிடங்கள்.

சும்மா கிடக்கும்போது கவனிக்க வேண்டியதில் முதலிடம் நடைக்கு. அம்மா நாற்காலியில் இருந்து எழும்போது கையை ஊன்றுகிறாரா, ஊன்றாமல் எழுகிறாரா என்று பாருங்கள். நாங்கள் மருத்துவமனையில் செய்யும் சோதனையை நீங்களே வீட்டில் செய்யலாம்: நாற்காலியில் இருந்து எழுந்து, 3 மீட்டர் நடந்து, திரும்பி வந்து, மறுபடி உட்கார வேண்டும். வழக்கமான வேகத்தில் இதற்கு 12 வினாடியோ அதற்கு மேலோ ஆனால் விழும் அபாயம் கூடுதல் என்று எடுத்துக்கொள்வோம். நேரம் குறிப்பதைக் காட்டிக்கொள்ளாதீர்கள், பரீட்சை என்று தெரிந்தால் யாரும் வேகமாகத்தான் நடப்பார்கள். நேரத்தைவிடத் திரும்பும் இடம் முக்கியம். ஒரே வீச்சில் திரும்பாமல் நாலைந்து சின்ன அடி வைத்துத் திரும்பினால், சுவரையோ மேசையையோ தொட்டுக்கொண்டே போனால், குறித்துக்கொள்ளுங்கள். உடைகள் தொளதொளவென்று இருக்கின்றனவா என்பதும் அப்படித்தான். ஆறு மாதத்தில் இருந்து ஒரு வருடத்துக்குள், முயற்சி எதுவும் இல்லாமல் உடல் எடையில் நூற்றுக்கு ஐந்து பங்கு குறைந்திருந்தால், அதாவது 60 கிலோ இருந்தவருக்கு 3 கிலோ போயிருந்தால், ‘வயசானா அப்படித்தான்’ என்று விட்டுவிடக் கூடாது. காரணம் தேட வேண்டும்.

வீட்டில் ரத்த அழுத்தக் கருவி இருந்தால் இன்னொன்று. காலையில் ஐந்து நிமிடம் படுத்திருக்கும்போது ஒரு தடவை பாருங்கள். பிறகு எழுந்து நிற்கச் சொல்லி, ஒரு நிமிடத்திலும் மூன்று நிமிடத்திலும் பாருங்கள். நின்றதும் மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 இறங்கினால், ராத்திரி அவசரமாக எழுந்து போகும்போது தலைசுற்றி விழ வாய்ப்பு உண்டு. அழுத்த மாத்திரையோ, நீர் பிரிய வைக்கும் மாத்திரையோ, தூக்க மாத்திரையோகூட இதற்குக் காரணமாக இருக்கும். உட்கார வைத்து மட்டுமே அழுத்தம் பார்க்கும் இடங்களில் இது வெளியே தெரிவதில்லை.

மாத்திரைக்கு வருவோம். இங்கேதான் என் கதை.

என் அப்பா மாத்திரைகளை ஒரு பழைய தகர டப்பாவில் போட்டு வைத்திருந்தார். ஒரு நீண்ட பயணத்துக்கு முன் ஊருக்குப் போனபோது அதைக் கட்டிலில் கவிழ்த்துக் கொட்டினேன். பதினேழு அட்டைகள். சில பாதி தீர்ந்தவை, சில காலாவதியானவை, ஒன்று எப்போதோ காலமான சித்தப்பாவுடையது. அதில் இரண்டு அட்டைகளுக்கு வேறு வேறு பெயர், வேறு வேறு நிறம். திருப்பி வைத்துப் பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் படித்தால் இரண்டிலும் ஒரே சர்க்கரை மருந்து, கிளிமிபிரைடு. ஒன்று வழக்கமான டாக்டர் எழுதியது, இன்னொன்று வேறொரு சிகிச்சைக்குப் போன இடத்தில் எழுதிக் கொடுத்தது. அப்பா ஒழுங்கானவர், இரண்டையும் தவறாமல் போட்டுக்கொண்டிருந்தார். விடியற்காலையில் வியர்த்துக் கொட்டுகிறது, கை நடுங்குகிறது என்று சில வாரங்களாகவே போனில் சொல்லிக்கொண்டும் இருந்தார். அது சர்க்கரை தாழ்ந்துபோவதன் அடையாளம் என்று மாணவர்களுக்குப் பாடம் எடுத்த நான், சொந்த அப்பாவிடம் ‘ஃபேனைக் கூட்டி வையுங்கப்பா’ என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

அதனால் டப்பாவைக் கொட்டுங்கள். அம்மாவும் கூடவே இருக்கட்டும், அவருக்குத் தெரியாமல் செய்யாதீர்கள். ஒவ்வொரு அட்டையையும் கையில் கொடுத்து ‘இது எதுக்கும்மா? எப்போ போடுவீங்க?’ என்று கேளுங்கள். அவர் சொல்லும் பதிலும் மருந்துச் சீட்டில் இருப்பதும் ஒன்றா என்று பாருங்கள். வணிகப் பெயரைப் பார்க்காமல் அடியில் உள்ள மருந்தின் பெயரைப் பாருங்கள். கடையில் தானே கேட்டு வாங்குகிற சளி மாத்திரை, அரிப்பு மாத்திரை, தூக்க மாத்திரை எல்லாம் கணக்கில் வர வேண்டும். குளோர்பெனிரமின் போன்ற பழைய ஒவ்வாமை மருந்துகள், அல்பிரசோலம் போன்ற தூக்க மருந்துகள் வயதானவர்களுக்குக் குழப்பத்தையும் தள்ளாட்டத்தையும் கொண்டுவரும். முதியோருக்குத் தவிர்க்க வேண்டிய மருந்துகளை மார்க் பியர்ஸ் என்ற மருத்துவர் 1991இல் பட்டியலிட்டார். இன்று அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கம் அதைப் புதுப்பித்து வருகிறது. இந்த இரண்டு வகையும் அதில் உண்டு. அதற்காக நீங்களே எதையும் நிறுத்திவிடாதீர்கள். தூக்க மாத்திரையைப் பல நாள் எடுத்தவருக்குத் திடீரென்று நிறுத்துவது தனி ஆபத்து. அத்தனை அட்டையையும் ஒரு பையில் போட்டு டாக்டரிடம் கொண்டுபோங்கள்.

டாக்டரிடம் எப்போது போவது என்பதில் பலரும் கோட்டை விடுகிறார்கள். கிளம்புவதற்கு முந்தின நாள் போய், அங்கே ஒரு மருந்து மாறி, அதன் விளைவு தெரியும்போது நீங்கள் விமானத்தில் இருப்பீர்கள். போன இரண்டாம் நாளே பார்த்துவிடுங்கள். மருந்து மாறினால் மீதி நாட்களில் உடம்பு எப்படி ஏற்கிறது என்று கண்ணால் பார்க்கலாம். கண், காது இரண்டையும் அதே வாரத்தில் முடித்துவிடுவது நல்லது. காதில் அழுக்கு அடைத்திருப்பதை மட்டும் எடுத்துவிட்டே பாதி உரையாடலை மீட்ட வீடுகள் எனக்குத் தெரியும். கண்ணாடி விஷயத்தில் ஒரு சின்னக் குறிப்பு: தூரமும் கிட்டமும் ஒரே கண்ணாடியில் இருப்பதைப் போட்டுக்கொண்டு படி இறங்கினால், கீழ்ப்பாதி கண்ணாடி படியை மங்கலாக்கும். வெளியே நடக்க தூரப்பார்வைக்கு மட்டும் ஒன்று தனியாக இருப்பது பாதுகாப்பு.

வீட்டை மாற்றி அமைப்பதில் ஆர்வக்கோளாறு வேண்டாம். வெளிநாட்டுக்குப் போகும் பிள்ளைகளுக்குக் கடைசி வாரத்தில் வரும் குற்ற உணர்வு நேராகப் போய் சோபாவை இடம் மாற்றும். அம்மா இருட்டில் நடப்பது கண்ணால் இல்லை, பழக்கத்தால். கட்டிலில் இருந்து எத்தனை அடி, எங்கே மேசை முனை, எங்கே நிலைப்படி என்று அவர் காலுக்குத் தெரியும். அதைக் கலைத்தால் நல்லெண்ணத்தோடு ஒரு விபத்துக்கு ஏற்பாடு செய்தவர்கள் ஆவீர்கள். படுக்கையில் இருந்து கழிவறை வரைக்குமான அந்தப் பாதை ஒன்றை மட்டும் சரிசெய்யுங்கள். சுருண்டு கிடக்கும் மிதியடியை எடுங்கள், விளக்கு சுவிட்ச் படுத்தபடி எட்டுகிறதா பாருங்கள், கழிவறையில் உறுதியான கைப்பிடி போடுங்கள். துணி காயப்போடும் கம்பியைப் பிடித்து எழுவதைக் கண்டால் அன்றைக்கே ஆளைக் கூப்பிடுங்கள். அப்புறம், உள்தாழ்ப்பாள். கழிவறைக்குள் விழுந்தவரை வெளியே எடுக்கக் கதவை உடைத்த கதைகளை நிறையக் கேட்டிருக்கிறேன். வெளியில் இருந்தும் திறக்கக்கூடிய பூட்டாக மாற்றுவது ஒரு மணி நேர வேலை.

ஞாபகசக்தி பற்றித்தான் எல்லோருக்கும் பயம், ஆனால் தவறான இடத்தில் பார்க்கிறார்கள். பேரன் பெயரைச் சொல்ல வரும்போது மற்ற மூன்று பேர் பெயரைச் சொல்லிவிட்டு வருவது பெரிய விஷயமே இல்லை. நீங்கள் பார்க்க வேண்டியது தனியாக வாழத் தேவையான வேலைகளை. லாட்டன், பிராடி இருவரும் 1969இல் வகுத்த அளவுகோலை இன்றும் பயன்படுத்துகிறோம். அதில் எட்டு வேலைகள்: போன் பேசுவது, பொருள் வாங்குவது, சமைப்பது, வீட்டைப் பராமரிப்பது, துணி துவைப்பது, வெளியே போய் வருவது, மாத்திரையைத் தானே எடுப்பது, பணத்தைக் கையாள்வது. இதில் பெரும்பாலும் முதலில் தடுமாறுவது பணம். கட்டாத ரசீதுகள், இரண்டு தடவை கட்டிய ரசீது, பிரிக்காத கடிதங்கள் ஒரு மூலையில் குவிந்திருக்கின்றனவா என்று பாருங்கள். நாற்பது வருடமாகக் கணக்கு நோட்டு எழுதியவர் மூன்று மாதமாக எழுதவில்லை என்றால், அது எந்தச் சோதனையையும்விடப் பெரிய தகவல்.

இதற்கு நேர் எதிரான ஒன்றையும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் தூரத்தில் இருக்கும் பிள்ளைகள் அதிகம் ஏமாறுவது இங்கேதான். மறதி நோய் மாதக்கணக்கில், வருடக்கணக்கில் வருவது. நேற்றுவரை நன்றாகப் பேசியவர் இன்று மாற்றி மாற்றிப் பேசினால், பகலெல்லாம் தூங்கினால், இல்லாத ஆளைப் பார்த்தேன் என்றால், அது முதுமையும் இல்லை, மறதி நோயும் இல்லை. உடம்பில் ஏதோ நடக்கிறது. சிறுநீரிலோ நுரையீரலிலோ கிருமி, உடம்பில் நீர் வற்றியது, சோடியம் குறைந்தது, சர்க்கரை தாழ்ந்தது, சிறுநீர் அடைத்தது, புது மாத்திரை ஒத்துக்கொள்ளாதது, இப்படி ஏதாவது. வயதானவர்களுக்குக் காய்ச்சல்கூட இல்லாமல் குழப்பம் மட்டுமே அறிகுறியாக வரும். அன்றே டாக்டர் பார்க்க வேண்டிய நிலை அது. முகம் ஒரு பக்கம் கோணுவது, ஒரு கை தூக்க முடியாமல் போவது, பேச்சு குழறுவது என்றால் மணிக்கணக்குகூட இல்லை. பக்கவாதத்தில் ரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்தைத் தொடக்கத்தில் இருந்து நாலரை மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். ‘கொஞ்சம் படுத்து எழுந்தால் சரியாகும்’ என்று காத்திருந்து அந்த நேரம் கரைவதைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

இதை நீங்கள் தெரிந்துவைத்திருந்து பயனில்லை. அருகில் இருப்பவருக்குத் தெரிய வேண்டும். ஆகவே அந்த வாரத்தில் ஒரு மாலையைப் பக்கத்து வீட்டுக்கு ஒதுக்குங்கள். ‘அம்மாவைக் கொஞ்சம் பார்த்துக்கோங்க’ என்று மட்டும் சொல்லிவிட்டு வராதீர்கள். எல்லோரும் தலையாட்டுவார்கள், யாருக்கும் எதைப் பார்ப்பது என்று தெரியாது. குறிப்பாகச் சொல்லுங்கள்: ‘காலையில் எட்டு மணிக்குள் முன்கதவு திறக்காவிட்டால் ஒரு குரல் கொடுங்கள், பதில் வராவிட்டால் இந்தச் சாவியால் திறங்கள், எனக்கு எந்த நேரமானாலும் போன் செய்யுங்கள்.’ இப்படிச் சொன்னால் அது ஒரு வேலையாகிவிடும். மனிதர்கள் வேலையை ஏற்றுக்கொள்வார்கள், பொறுப்பு என்றால் மிரள்வார்கள். சாவி ஒருவரிடம், அவர் ஊரில் இல்லாத நாளுக்கு இன்னொருவரிடம்.

கண்காணிப்பு கேமரா பற்றி எல்லோரும் கேட்பார்கள். என் கருத்து: அம்மா சரி என்றால் கூடத்தில் வையுங்கள், படுக்கையறையில் வேண்டாம், அவருக்குத் தெரியாமல் எங்கேயும் வேண்டாம்.

கையெழுத்து விஷயங்களில் சட்டம் நாட்டுக்கு நாடு மாறும், அதனால் ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள். ஒன்றை மட்டும் கேட்க மறக்காதீர்கள். ‘அம்மா எழுதிக்கொடுக்கும் அதிகாரப் பத்திரம் அவர் சுயநினைவோடு முடிவெடுக்க முடியாமல் போனாலும் செல்லுமா?’ பல இடங்களில் சாதாரணப் பத்திரம் சரியாக அந்த நேரத்தில் செல்லாமல் போய்விடும்.

அதைவிடக் கடினமான பேச்சு ஒன்று இருக்கிறது. உடம்பு ரொம்ப முடியாமல் போனால் எந்த அளவுக்குச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம், தன் சார்பில் யார் முடிவெடுக்கலாம் என்று அம்மாவிடமே கேட்பது. நேருக்கு நேர் உட்கார்ந்து ஆரம்பிக்காதீர்கள், விசாரணை மாதிரி ஆகிவிடும். பக்கத்தில் உட்கார்ந்து ஏதோ ஒரு வேலை செய்துகொண்டே, தெரிந்த யாரோ ஒருவருக்கு நடந்ததைச் சொல்லி, ‘உங்களுக்குன்னா என்னம்மா செய்யணும்?’ என்று கேளுங்கள். பெரும்பாலான அம்மாக்கள் இதை எப்போதோ யோசித்து முடித்துவிட்டு, யாராவது கேட்க மாட்டார்களா என்று இருப்பவர்கள். கேட்க பயப்படுவது பிள்ளைகள்தான். அவர் ‘அதெல்லாம் இப்ப எதுக்கு’ என்றால் விட்டுவிடுங்கள். இரண்டு நாள் கழித்து அவரே தொடங்கினாலும் தொடங்குவார். அவர் எதையாவது மறுத்தாலும், கைத்தடி வேண்டாம் என்றாலும், உதவிக்கு ஆள் வேண்டாம் என்றாலும், அது அவர் வாழ்க்கை, அவர் முடிவு. வாதாடலாம், வற்புறுத்தக் கூடாது.

கடைசியாகப் போன். முதுமையில் காது முதலில் இழப்பது உச்ச அதிர்வெண் ஒலிகளை. உயிரெழுத்துகள் கேட்கும், ஸ, ஃப, த போன்ற ஒலிகள் நழுவும். பழைய பாணித் தொலைபேசி ஏறக்குறைய 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரைதான் கடத்தும், இருக்கிற கொஞ்சத்தையும் அதுவும் வெட்டிவிடும். அதனால்தான் நீங்கள் என்ன கேட்டாலும் ‘நல்லாருக்கேன்பா’ என்றே பதில் வருகிறது. அது பதில் இல்லை, பாதி கேட்டதை வைத்து ஊகித்தது. முகம் தெரியும் வீடியோ அழைப்பில் உதட்டைப் பார்த்து மீதியைப் பிடித்துக்கொள்வார். ஆம், இல்லை என்று சொல்லிவிடக்கூடிய கேள்விகளை விட்டுவிட்டு, ‘இன்னிக்கு யார் வந்தாங்க, என்ன பேசினீங்க’ என்று கேட்டுப் பழகுங்கள். பதில் நீளும்போதுதான் மாற்றம் காதில் விழும். இரண்டு ஊருக்கும் ஒத்துவரும் நேரம் ஒன்றை நிச்சயித்துவிடுங்கள். குடும்பத்துக்குள் ஒரு ரகசியச் சொல்லும் வைத்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளையின் குரலையே போலியாக உருவாக்கி ‘அவசரம், பணம் அனுப்பு’ என்று கேட்கும் மோசடிகள் இப்போது நடக்கின்றன. அந்தச் சொல்லைச் சொல்லாதவருக்குப் பணம் இல்லை என்று முடிவு செய்துவிட்டால் போதும்.

இதெல்லாம் வேலை செய்கிறதா என்று அங்கேயே ஒத்திகை பாருங்கள். என் அம்மாவிடம் போயிருந்தபோது, நான்காம் நாள் நான் அடுத்த அறையில் கதவைச் சாத்திக்கொண்டு அவருக்கு வீடியோ அழைப்பு போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எழுந்து போய்ப் பார்த்தால், அம்மா பச்சை வட்டத்தைக் கட்டைவிரலால் அழுத்தி அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தார். அது மேலே தள்ள வேண்டிய பொத்தான். தவிர, வயதில் வறண்ட விரல் நுனியைத் தொடுதிரை சரியாக உணர்வதும் இல்லை. விரலை லேசாக ஈரப்படுத்திக்கொண்டு தள்ளச் சொன்னேன். மூன்று முறை தப்பியது, நான்காவது முறை என் முகம் திரையில் வந்தது. நான் பக்கத்திலேயே நின்றுகொண்டிருக்கிறேன், அம்மா என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் திரையைப் பார்த்து, ‘எப்பப்பா வருவே?’ என்றார்.